பல்லாங்குழியும் வட்டித்தொழிலும்: பயன்நோக்கு விளையாட்டுகளில் மெய்ம்மை

முன்னுரை

பொழுதுபோக்குக்கு அப்பால், ஒன்றைக் கற்பிக்கும் நோக்குடன் அமைக்கப்படுவன பயன்நோக்கு விளையாட்டுகள் ஆகும். கிளார்க் ஆப்ட் 1970இல் வெளியிட்ட நூல் இக்கருத்தாக்கத்தைப் பரவலாக்கியது. இவ்விளையாட்டுகளின் மெய்ம்மை இருவகையில் அமையும். ஒன்று காட்சி மெய்ம்மை. மற்றொன்று விதி மெய்ம்மை. கற்பித்தலுக்கு இன்றியமையாதது விதி மெய்ம்மையே என்பதையும், அதன் எல்லையை விதி எதை விட்டுவிடுகிறது என்பதைக் கொண்டே அறியலாம் என்பதையும் பல்லாங்குழியையும் செட்டிநாட்டு வட்டித்தொழில் வரலாற்றையும் ஒப்பிட்டு இக்கட்டுரை விளக்குகிறது. பல்லாங்குழி வட்டித்தொழிலைக் கற்பிக்கத் தோன்றியது என்பது இங்குக் கருத்தன்று.

விதியில் அமைந்த மெய்ம்மை

பல்லாங்குழியின் ஆட்டமுறை ஊருக்கு ஊர் வேறுபடும். பரவலான ஒரு முறையில், பதினான்கு குழிகளில் குழிக்கு 5 காய்களாக 70 காய்கள் இடப்படும்; ஆளுக்கு ஏழு குழிகள். முதற்சுற்றின் முடிவில் ஒருவரிடம் 48 காய்களும் மற்றவரிடம் 22 காய்களும் சேர்ந்தன எனக் கொள்வோம். முன்னவர் ஏழு குழிகளையும் நிரப்பிய பின்னும் 13 காய்கள் கையிருப்பாகும். பின்னவரால் நான்கு குழிகளையே நிரப்ப இயலும். எஞ்சிய மூன்றும் அடுத்த சுற்றில் ஆட்டத்திற்கு வாரா. இழந்தவருக்கு மீளும் வழியே சுருங்குகிறது. சமநிலையில் தொடங்கி ஏற்றத்தாழ்வில் முடியும் இவ்வமைப்பில் தனிச்சொத்துடைமையின் தோற்றத்தைத் தொ. பரமசிவன் தம் 'அறியப்படாத தமிழகம்' நூலில் கண்டார். வயலோ பணமோ பலகையில் வரையப்படவில்லை. எனினும் உடைமையின் இயக்கம் அதில் உள்ளது.

விதி விட்டுவிட்டது

காரைக்குடி வட்டார நகரத்தார், பெட்டியடிப் பையனாகத் தொடங்கி அடுத்தாள், மேலாள் எனப் படிப்படியாக உயர்ந்து வட்டித்தொழிலைக் கற்றனர். பர்மாவில் அவர்கள் நெல் விளைநிலத்தை ஈடாகப் பெற்றுக் கடன் வழங்கினர். 1930 முதல் நெல்விலை வீழ்ந்தபோது உழவர்களால் கடனை அடைக்க முடியவில்லை. கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில், 1930இல் சாகுபடி நிலத்தில் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த செட்டியார்களின் உடைமை, 1937இல் ஏறத்தாழ 25 விழுக்காடாயிற்று.

இதுவரை பலகையும் வரலாறும் ஒத்துச் செல்கின்றன. ஆனால், பலகையில் 70 காய்களின் மதிப்பு மாறுவதில்லை. வென்றவரின் கையிருப்பு கையிருப்பாகவே நிற்கும். பர்மாவிலோ ஈட்டின் மதிப்பே சரிந்தது. பணமாகத் திரும்ப வேண்டிய முதல் நிலமாக முடங்கியது. 1942இன் சப்பானியப் படையெடுப்பும், பர்மிய விடுதலைக்குப் பின் வந்த நில நாட்டுடைமைச் சட்டமும் அந்நிலத்தையும் அவர்களிடமிருந்து அகற்றின. உழவர் நிலத்தை இழந்தார். கடன் கொடுத்தவரும் முதலை இழந்தார். இருவர் மட்டுமே ஆடும் ஆட்டத்தில் இவ்விரட்டை இழப்புக்கு இடமில்லை.

முடிவுரை

செட்டிநாட்டு வணிக வரலாற்றைக் கற்பிக்க இன்று ஒரு விளையாட்டை வடிவமைப்போர், பர்மாத் தேக்குத் தூண்களையும் வளவையும் திரையில் நுட்பமாக வரைந்துவிடலாம். அதனால் மட்டும் மெய்ம்மை கைகூடாது. ரைசுவிட்சு 1824இல் பிரசியப் படைக்கு அளித்த போர்ப்பயிற்சி விளையாட்டில் நிலப்படத்துடன் பகடையும் இருந்தது; ஆடுவோர் கையில் இல்லாத நிகழ்வுகளுக்கு அது இடமளித்தது. அவ்வாறே, கடனை விளக்கும் விளையாட்டில் இருவர் கைக்கும் அப்பாற்பட்ட விலைமாற்றம் ஒரு விதியாக இடம்பெற வேண்டும். அது இல்லையெனில், உழவரின் வீழ்ச்சி அவரது ஆட்டத்திறன் குறைவாகவே கற்போருக்குத் தோன்றும். வரலாறு தவறாகக் கற்பிக்கப்படும்.