கதவுக்குள் நுழையாத பீரோ! கட்டிலுக்குள் நுழைந்த பூச்சி!

சென்னை,–

சம்பளம் வந்த முதல் வாரம் திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், ராயபுரம் சந்துகளில் நின்றால் இந்தக் கூத்தைப் பார்க்கலாம்.

மீன்பாடி வண்டியில் புது பீரோ வந்து இறங்கும். வீட்டு அம்மா ஆரத்தி எடுக்காத குறை! 4 ஆள் சேர்ந்து தூக்குவார்கள். மாடிப்படித் திருப்பத்தில் பீரோ நின்றுவிடும். மேலேயும் போகாது, கீழேயும் வராது.

"படி குறுகல் சார். கயிறு கட்டித்தான் இழுக்கணும். தனியா கொடுக்கணும்" என்பார் தூக்கு கூலிக்காரர். வாங்கிய குமாஸ்தா திருதிருவென்று முழிப்பார். கடைசியில் பால்கனி வழியாக ஏறும் பீரோ, நசுங்கி, பெயிண்ட் உரிந்துதான் வீட்டுக்குள் வரும். கடைக்காரரோ கடையோடு சரி.

போனஸ் பணத்தை எண்ணி எடுத்துப் போனவர், அளவு டேப்பை எடுத்துப் போகவில்லை!

பத்துக்குப் பத்து கணக்கு

சாதாரண இரும்பு பீரோ 6½ அடி உயரம், 3 அடி அகலம், சுமார் 1½ அடி ஆழம் இருக்கும். பழைய வீட்டு அறைக்கதவு 2½ அடிதான். பக்கவாட்டில் திருப்பினால் கதவில் நுழைந்துவிடும். தகராறு படித் திருப்பத்தில்தான். பலரும் அறையை அளப்பார்கள்; படியை மறந்துவிடுவார்கள்.

உள்ளே வந்த பிறகு இன்னொரு சங்கடம். 10-க்கு 10 அறையில் 5 அடி அகலக் கட்டிலைச் சுவரோடு போட்டால் மிச்சம் 5 அடி. பீரோவுக்கு 1½ அடி. அதன் கதவைத் திறக்க 1½ அடி. ஆள் நிற்க மிஞ்சுவது 2 அடி. "பெரிசா இருக்கட்டும்" என்று 6 அடி கட்டில் வாங்கினால் அதுவும் 1 அடி ஆகிவிடும். பீரோவைத் திறக்கக் கட்டில் மேல் ஏறி உட்கார வேண்டியதுதான்!

கட்டில், பீரோ அளவுக்குப் பழைய பேப்பரைத் தரையில் விரித்து, ஒரு நாள் அதைச் சுற்றி நடந்து பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். செலவு இல்லை.

'பர்மா தேக்கு' மர்மம்

"அசல் பர்மா தேக்கு சார்! உங்க பேரன் காலத்துக்கும் கிடக்கும்!" கூடவே ஒரு கலரும் வரும். குடித்து முடிப்பதற்குள் அட்வான்ஸ் கைமாறிவிடும்.

6 மாதத்தில் கட்டிலுக்கு அடியில் மாவு போலத் தூள் கொட்டும். ஊசி குத்தியது போல ஓட்டைகள்!

விற்றவர் பொய் சொன்னாரா? சில கேஸ்களில் இல்லை. இதுதான் வேடிக்கை. தேக்கு மரத்தின் நடுவில் இருப்பது வைரம் பாய்ந்த பழுப்புக் கட்டை. பட்டைக்கு அடுத்து இருப்பது வெளுத்த கட்டை. அதுவும் தேக்குதான்! ஆனால் அதில் மாவுச்சத்து உண்டு. பூச்சிக்கு அதுதான் விருந்து. போலீஸ் பாஷையில் சொன்னால், பாதியை மறைத்த வாக்குமூலம்.

கருத்த பாலிஷ் போட்டுவிட்டால் வைரமும் வெளுப்பும் ஒரே நிறம். ஆகவே பார்க்க வேண்டியது முகத்தை அல்ல, முதுகை. கட்டில் சட்டத்தின் அடிப்பக்கம், டிராயரின் அடி, அலமாரியின் பின்புறம். பாலிஷ்காரர் கை படாத இடத்தில் மரம் உண்மையைச் சொல்லும். அங்கே பட்டி வைத்து அடைத்த பொட்டுகள் தெரிந்தால் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிடலாம்.

எல்லோரும் தேக்குதான் வாங்க வேண்டும் என்பதில்லை. வேங்கையும் வேம்பும் நன்றாக உழைக்கும். ரப்பர் மரம்கூட, முறையாக மருந்து ஏற்றியிருந்தால் குறை சொல்ல முடியாது. அதைத் தேக்கு என்று சொல்லி விற்பதுதான் '420' வேலை. (2024 ஜூலை முதல் புதுச் சட்டத்தில் அது 318 ஆகிவிட்டது. வேலை மாறவில்லை!)

இரும்பு பீரோவில் ஏமாற்று வேறு விதம். தகட்டின் கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெலியும். 20 கேஜ் கெட்டி, 24 கேஜ் மெலிசு. "24 கேஜ் சார், ஹெவி!" என்று யாராவது சொன்னால், பின் தகட்டைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். 'டொக்' என்று உள்ளே போய் வரும்.

வெள்ளம் சொன்ன சாட்சி

2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டைத் தெருக்களில் மெத்தையும் சோபாவும் அலமாரியும் மலையாகக் குவிந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் மறுபடி வெள்ளம் புகுந்தது.

பளபளவென்று ஷோரூமில் நிற்கும் அலமாரிகளில் பல, மரச்சில்லையும் தூளையும் பசை போட்டு அழுத்திய பலகை. தண்ணீர் பட்டால் டீயில் நனைத்த ரஸ்க் போல ஊதிவிடும். காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது; ஸ்க்ரூ பிடிக்காது. கெட்டி மரமோ கழுவி நிழலில் காய வைத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

தரைத்தளத்தில் குடியிருப்பவர்கள் அரை அடியாவது கால் உள்ள சாமானாகப் பார்ப்பது நல்லது. பிளைவுட் என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குப் பக்கத்தில் உள்ள எண்ணைப் படிக்க வேண்டும். 710 என்றால் தண்ணீர் தாங்கும் மரைன் ரகம். 303 பொது உபயோகத்துக்கு.

பில் இல்லாத வியாபாரம்

"பில் வேணாம்னா 18 பர்சென்ட் ஜி.எஸ்.டி. மிச்சம் சார்" என்று காதோடு சொல்வார்கள். வாங்குபவருக்கும் இனிக்கும். தூள் கொட்டும்போதுதான் கசக்கும். அந்தக் கடையில் வாங்கியதற்கே சாட்சி இல்லை!

பில் தராததே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பழுதான பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. பில்லில் 'மரக்கட்டில் 1' என்று எழுதினால் போதாது. 'தேக்கு' என்று எழுதச் சொல்ல வேண்டும். பேனா தயங்கினால் மரமும் சந்தேகம்!

புகாருக்கு முதலில் 1915-க்கு போன் செய்யலாம். சரிவராவிட்டால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்காமல் தாமே வாதாடலாம்.

இதற்குள் கடைக்காரர் ஆள் அனுப்பி, "மேலே ஒரு கோட் வார்னிஷ் அடிச்சுத் தர்றோம்" என்பார். தலையாட்டுவதற்கு முன்னால் தூளையும் ஓட்டையையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வார்னிஷ் ஓட்டையை மூடும். உள்ளே இருக்கும் புழு சாகாது.