கரவெட்டிக்குக் கிட்ட இருக்கும் அணு உலை எது?

2012 ஏப்ரல் 11ஆம் திகதி பிற்பகல், சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் 8.6 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. சற்று நேரத்தில் இலங்கைக் கரையோரம் எங்கும் சுனாமி எச்சரிக்கை விடுக்கப்பட்டது. பருத்தித்துறைப் பக்கமிருந்து சைக்கிளிலும் உழவு இயந்திரத்திலும் சனம் உள்ளே வரத் தொடங்கியது. கரவெட்டி கடலுக்கு நேரே இல்லை. அதனால் 2004இலும் அன்றும் ஓடி வருபவர்கள் வந்து சேரும் ஊராகவே இருந்தது. நெல்லியடிச் சந்தியில் நின்றபோது எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இஞ்சை கடல் வந்தால் அங்காலையும் வரும்தானே. அப்ப கூடங்குளம் என்னாகும்?"

அன்று சுனாமி வரவில்லை. கூடங்குளம் உலையில் அப்போது எரிபொருள்கூட ஏற்றப்படவில்லை, ஆகவே கசிவதற்கும் ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் அவர் சும்மா கேட்கவில்லை. அதற்கு ஒரு வருடம் முன்னர்தான், 2011 மார்ச் 11இல், ஜப்பானின் புக்குஷிமாவில் நடந்ததை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்திருந்தோம். அவருக்கு நான் அன்று சரியான பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கடனுக்காக.

புக்குஷிமாவில் நிலநடுக்கம் மட்டும் உலைகளை உருக்கவில்லை. 9.0 அளவில் நிலம் அதிர்ந்தவுடன் இயங்கிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் தாமாக நின்றுவிட்டன. ஆனால் அணு உலை அடுப்பைப் போன்றதல்ல. நிறுத்திய பின்னும் எரிபொருள் நாட்கணக்கில் சூட்டை வெளியிட்டுக்கொண்டே இருக்கும், தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நிலநடுக்கம் வெளி மின்சாரத்தைத் துண்டித்தது. ஏறக்குறைய ஐம்பது நிமிடம் கழித்து வந்த சுமார் 14 மீற்றர் அலை, தாழ்வான இடத்தில் இருந்த ஜெனரேற்றர்களை மூழ்கடித்தது. தண்ணீர் இறைக்க வழியில்லாமல் மூன்று உலைகளின் எரிபொருளும் உருகியது. ஆறு மீற்றருக்கும் குறைவான அலையையே எதிர்பார்த்து அந்த நிலையம் பாதுகாக்கப்பட்டிருந்தது.

இந்தச் செய்திதான் திருநெல்வேலி மாவட்டக் கரையில் இடிந்தகரை மக்களை உலுக்கியது. 1988இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்திட்ட கூடங்குளம் திட்டத்துக்கு எதிர்ப்பு முன்பே இருந்தது. 2011 செப்டெம்பரில் அது தொடர் உண்ணாவிரதமாக மாறியது. சுப. உதயகுமார் தலைமையிலான இயக்கம் சொன்னது ஒன்று, ஆதரவாக வந்து பேசிய அப்துல் கலாம் சொன்னது வேறு. 2012 செப்டெம்பர் 10இல் பொலிஸ் நடவடிக்கை, மணப்பாட்டில் ஒரு மீனவர் சுடப்பட்டு இறந்தார். 2013 மே 6இல் இந்திய உச்ச நீதிமன்றம் நிபந்தனைகளோடு உலையை இயக்க அனுமதித்தது. அதே ஜூலையில் முதல் உலை இயங்கத் தொடங்கியது.

இரு தரப்பையும் வாசித்தபின் எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். கூடங்குளம் புக்குஷிமாவின் நகல் அல்ல. மின்சாரமே இல்லாவிட்டாலும் காற்றோட்டத்தால் சூட்டை வெளியேற்றும் அமைப்பு அந்த ரஷ்ய உலைகளில் உண்டு. எரிபொருள் உருகினால் ஏந்திப் பிடிக்கும் பாத்திரம் அடியில் உண்டு. பெரும் சுனாமியை எழுப்பும் கடலடிப் பிளவு ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கிறது. இதெல்லாம் உண்மை. ஆனால் புக்குஷிமா பொறியியலாளர்களும் தங்கள் சுவர் போதும் என்றே நம்பினார்கள். இடிந்தகரைப் பெண்கள் கேட்டதும் அதைத்தான்: நீங்கள் நினைக்காதது நடந்தால் எங்களுக்கு யார், எப்போது சொல்வார்கள்?

அந்தக் கேள்வி கடல் கடந்து எங்களுக்கும் உரியது. 2012இல் அப்போதைய மின்சக்தி அமைச்சர் சம்பிக்க ரணவக்க கூடங்குளம் பற்றிய இலங்கையின் கவலையைப் பகிரங்கமாகப் பேசினார். கொழும்பில் அது இந்தியாவோடு மல்லுக்கட்டும் விடயமாகவும், எம்மவரிடையே தமிழகப் போராட்டத்துக்கான ஆதரவாகவும் போய்விட்டது. வரைபடத்தை யாரும் நிதானமாக விரித்துப் பார்க்கவில்லை.

நான் விரித்தேன். கூடங்குளத்திலிருந்து கற்பிட்டி சுமார் 225 கிலோமீற்றர். கரவெட்டி சுமார் 325. அப்படியே பென்சிலை வடக்கே நகர்த்தினால் சென்னைக்குத் தெற்கே கல்பாக்கம். அங்கே 1980களிலிருந்து இரண்டு உலைகள் இயங்கி வந்திருக்கின்றன. சோடியத்தால் குளிர்விக்கும் இன்னொரு வகை உலையின் மையத்தை நிரப்பும் பணியை 2024 மார்ச்சில் தொடங்கினார்கள். கல்பாக்கத்துக்கும் கரவெட்டிக்கும் இடையே சுமார் 305 கிலோமீற்றர். நடுவில் மலையில்லை, காடில்லை, கடல் மட்டும்தான். மாஸ்டர் பயந்தது கூடங்குளத்துக்கு, ஆனால் கிட்ட இருப்பது கல்பாக்கம்.

கல்பாக்கம் சுனாமியைக் கண்ட இடமும்கூட. 2004 டிசெம்பர் 26 காலை, இயங்கிக்கொண்டிருந்த உலையின் கடல்நீர் இறைக்கும் அறைக்குள் தண்ணீர் ஏறியது. இயக்குநர்கள் உலையை நிறுத்தினார்கள். ஜெனரேற்றர்கள் தப்பின, கதிர்வீச்சு வெளியேறவில்லை. ஊழியர் குடியிருப்பில் பலர் அலையில் இறந்தார்கள். அன்று சுமாத்திராவில் நிலம் அதிர்ந்ததற்கும் வடமராட்சி கிழக்கில் கடல் ஏறியதற்கும் இடையே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருந்தது. மணற்காட்டிலும் உடுத்துறையிலும் அந்த இரண்டு மணி நேரத்தில் எவரும் வந்து எதுவும் சொல்லவில்லை.

இனி 300 கிலோமீற்றர் தூரம் என்றால் என்ன என்று பார்ப்போம். அந்தத் தூரத்தில் யாரும் வெடித்துச் சாவதில்லை, தோல் கருகுவதில்லை. பெரும்பாலும் ஊரை விட்டு ஓடவும் தேவைப்படாது. பிரச்சினை வாய் வழியாக வருவது. 2011 மார்ச் 23ஆம் திகதி, புக்குஷிமாவிலிருந்து இருநூறு கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ள டோக்கியோவின் குழாய்நீரில் லீற்றருக்கு 210 பெக்கரெல் கதிரியக்க அயடின் இருந்ததாக அறிவிக்கப்பட்டது. குழந்தைகளுக்கான எல்லை 100. போத்தல் தண்ணீர் கொடுத்தார்கள். அடுத்த நாளே அளவு இறங்கியது. மே மாதத்தில், ஏறத்தாழ முந்நூறு கிலோமீற்றர் தள்ளியிருந்த கனகாவா மாகாணத்துத் தேயிலையில் எல்லைக்கு மேல் சீசியம் கண்டுபிடிக்கப்பட்டு அனுப்புவது நிறுத்தப்பட்டது. இன்னும் தூரம் வேண்டுமென்றால், 1986இல் செர்னோபில் புகை மழையோடு இறங்கிய வேல்ஸ் மலைகளில் ஆடு விற்பதற்கான கட்டுப்பாடு 2012 வரை நீடித்தது.

அயடின் 131இன் அரைவாழ்வு 8 நாள். எண்பது நாளில் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். அந்த நாட்களில் புல் மேய்ந்த மாட்டின் பாலும் கீரையும் திறந்த தண்ணீரும் குழந்தைகளுக்கு ஆகாது. சீசியம் 137க்கு 30 வருடம். அது களிமண்ணில் இறுகிக்கொள்ளும், மணலில் அவ்வளவாக இறுகாது. வடமராட்சிக் கரையோரத் தோட்டக்காரர் எதைச் சொல்கிறேன் என்று விளங்கிக்கொள்வார்கள். கிணற்றை மூடி வைப்பது முதல் நாட்களில் உண்மையாகவே உதவும். அயடின் சேர்த்த உப்பை அள்ளித் தின்பது உதவாது. 2011இல் சீனாவில் கடை கடையாக உப்பு தீர்ந்துபோனது வீண் பதற்றம்.

தூரத்தை விடப் பெரிய விடயம் காற்று. புக்குஷிமாவைச் சுற்றி அரசாங்கம் 20 கிலோமீற்றர் வட்டம் போட்டு மக்களை வெளியேற்றியது. கதிரியக்கம் வட்டமாகப் பரவவில்லை. பெரும்பகுதி பசிபிக் கடலுக்கு மேலே போனது. மார்ச் 15ஆம் திகதி காற்று வடமேற்கே திரும்பி, மழையும் பனியும் பெய்ய, வட்டத்துக்கு வெளியே நாற்பது கிலோமீற்றர் தள்ளியிருந்த இடாத்தே கிராமத்தில் கொட்டியது. அந்தக் கிராமத்துக்கு வெளியேற்ற உத்தரவு வந்தது ஏப்ரல் 22இல். நமியே நகரத்து மக்கள் ஓடிப்போய்த் தங்கிய இடமே அந்தப் புகை போன பாதையில் இருந்தது. காற்றின் திசையைக் கணிக்கும் கணினி அமைப்பு அரசிடம் இருந்தது. அதன் கணிப்பு அவர்களுக்குச் சொல்லப்படவில்லை.

பாதுகாப்பு வலயம் என்று வரைந்து காட்டிய இடத்துக்கு ஓடி, அங்கேயே அடி வாங்கியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

எங்கள் காற்றுக்கு எங்களிடமே பெயர் உண்டு. கல்பாக்கம் எமக்கு நேர் வடக்கு. அங்கிருந்து எதுவும் வருவதென்றால் வாடையில் வரும். தைப்பொங்கலில் வல்வெட்டித்துறைப் பட்டங்களைத் தூக்கும் அதே கடற்காற்று. கூடங்குளம் தென்மேற்கு. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் சோளகம் ஏறக்குறைய அந்தக் கோட்டிலேயே வருகிறது. கார்த்திகை, மார்கழியில் வாடையோடு மழையும் சேரும், புகையை நிலத்தில் இறக்குவது மழைதான். மணிக்கு 20 கிலோமீற்றர் வேகக் காற்று 300 கிலோமீற்றரைக் கடக்கப் பதினைந்து மணி நேரம். 2004இன் இரண்டு மணி நேரத்தோடு பார்த்தால் இது தாராளமான நேரம், யாராவது சொன்னால்.

சொல்ல வேண்டிய கடமை காகிதத்தில் இருக்கிறது. செர்னோபிலை சோவியத் அரசு சொல்லுமுன் சுவீடன் அணு நிலையத்தின் அளவிகளே உலகுக்குக் காட்டிக்கொடுத்தன. அதன் பிறகுதான் 1986இல் அணு விபத்தை விரைவாக அறிவிக்கும் சர்வதேச உடன்படிக்கை வந்தது. இந்தியாவும் இலங்கையும் அதில் இருக்கின்றன. 2015 பெப்ரவரியில் இரு நாடுகளும் அணுசக்தி ஒத்துழைப்பு ஒப்பந்தமும் செய்தன. இலங்கை அணுசக்திச் சபை கரையோரத்தில் தானியங்கி அளவிகளையும் நிறுவியிருக்கிறது. ஆனால் டெல்லியிலிருந்து கொழும்புக்கு வரும் அறிவித்தல், கொழும்பிலிருந்து கரவெட்டிப் பால்காரருக்குத் தமிழில் எத்தனை மணி நேரத்தில் வரும் என்று எந்த உடன்படிக்கையும் எழுதவில்லை.

பிழையான அறிவித்தலும் கொல்லும். புக்குஷிமா மாகாணத்தில் இடப்பெயர்வின் அலைச்சலாலும் அதன் பின்விளைவாலும் இறந்ததாக அரசே ஏற்றுக்கொண்டவர்கள் 2,300க்கு மேல், பெரும்பாலும் முதியவர்கள். கதிர்வீச்சால் நேரடியாகப் பொதுமக்களுக்கு நோய் வந்ததாகச் சான்று இல்லை என்கிறது ஐ.நா. விஞ்ஞானக் குழு. சிறுவர்களிடம் முந்நூறுக்கு மேற்பட்ட தைரொயிட் புற்றுநோய்கள் தென்பட்டதற்கு என்ன காரணம் என்று இன்னும் வாதம் நடக்கிறது. 1995 ஒக்டோபர் 30 இரவு, ஒலிபெருக்கி அறிவித்தலோடு வலிகாமத்திலிருந்து மழையில் புறப்பட்ட இலட்சக்கணக்கானோரில் கரவெட்டிக்கும் பலர் வந்தார்கள். எங்கள் வீட்டு விறாந்தையில் தங்கிய ஒரு குடும்பத்தின் பாட்டி மூன்றாம் நாள் இறந்துபோனார். காயம் எதுவும் இல்லை.

வாதம் ஏன் முடிவதில்லை என்பதைச் சுன்னாகம் எனக்குக் காட்டியது. அனல் மின்நிலையக் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரத்தில் ஒரு குழு ஆபத்தில்லை என்றது, இன்னொரு ஆய்வு எல்லைக்கு மேல் எண்ணெய் என்றது. 2019இல் உச்ச நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு கட்டச் சொல்லும்வரை சனம் தண்ணீர் பவுசருக்குப் பின்னால் நின்றது. அங்கேயுள்ள என் சகோதரியின் கிணற்றையும் சோதித்தார்கள். முன்பு அதில் என்ன இருந்தது என்று கேட்டார்கள். அவளிடம் முன்னைய அளவீடு எதுவும் இல்லை.

கதிர்வீச்சுக்கும் அதே கதைதான். புல்மோட்டை மணலில் இயல்பாகவே தோரியம் உண்டு. ஒவ்வோர் ஊருக்கும் தன் சொந்தப் பின்னணி அளவு உண்டு. விபத்துக்குப் பின் வரும் எண்ணை அதோடு ஒப்பிட்டால்தான் அதற்கு அர்த்தம். ஜப்பானில் விபத்துக்குப் பின் தன்னார்வலர்கள் சேவ்காஸ்ட் என்ற பெயரில் கையடக்க அளவிகளைக் காரில் கட்டி வீதி வீதியாக அளந்து எல்லோரும் பார்க்கப் போட்டார்கள். அரசின் எண்ணையும் தங்கள் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க மக்களால் முடிந்தது. அப்படி ஓர் அளவியை எங்கள் பாடசாலை விஞ்ஞானகூடம் ஒன்றில் வைத்து, மாணவர்கள் மாதத்துக்கு இரண்டு முறை மழைநீரையும் கிணற்றடியையும் அளந்து கொப்பியில் எழுதலாம். மழைக்கு முன் தொடங்கினால் நல்லது. வாடை திரும்புமுன் ஒரு பருவத்தின் எண்களாவது கையில் இருக்கும்.

மாஸ்டரிடம் போன கிழமை இதையெல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, அளவி என்ன விலை என்று கேட்டார்.