வைஃபை பெட்டிகளும் ஒரு மேஸ்திரியும்

திருச்சானூர் நமக்குத் தெரிந்த ஊர். திருப்பதியிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர். பத்மாவதித் தாயார் கோயில் இங்கேதான் இருக்கிறது. முன்பு இது சித்தூர் மாவட்டம். 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி மாவட்டம்.

கார்த்திகை மாதம் இங்கே பிரம்மோற்சவம் நடக்கும். கடைசி நாள் பஞ்சமி தீர்த்தம். அன்று குளத்தில் நீராட லட்சக்கணக்கில் மக்கள் வருவார்கள். விடுதிகளில் இடம் கிடைக்காது. வருகிறவர்கள் கையில் செல்பேசி இருக்கும். "நல்லபடியாக வந்து சேர்ந்தோம்" என்று வீட்டுக்குச் சொல்ல வேண்டும். பேரப்பிள்ளையின் படத்தை அனுப்ப வேண்டும். திரும்பும் ரயிலுக்குச் சீட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பல விடுதிகளின் வாசலில் ஒரு பலகை தொங்கும். "இலவச வைஃபை" என்று எழுதியிருக்கும். உள்ளே போனால் ஓர் அறையில் வைஃபை கிடைக்கும். அடுத்த அறையில் கிடைக்காது. வராந்தாவில் நின்றால் வரும். கட்டிலில் உட்கார்ந்தால் போய்விடும்.

ஏன் இப்படி? ஒழுங்காகப் போடுவது எப்படி? வாருங்கள், பார்ப்போம்.

வைஃபை என்றால் என்ன?

வைஃபை என்பது வானொலி அலைதான். கண்ணுக்குத் தெரியாது. காற்றில் பரவும். சுவருக்குள்ளும் ஓரளவு புகும்.

வானொலிப் பெட்டி கேட்க மட்டும் செய்யும். செல்பேசியோ கேட்கவும் செய்யும், பேசவும் செய்யும். அது பேசுவதைக் கேட்டுப் பதில் சொல்ல ஒரு பெட்டி வேண்டும். அந்தப் பெட்டிக்கு ஆக்சஸ் பாயிண்ட் என்று பெயர். கூரையில் ஒரு வெள்ளைத் தட்டைக் கவிழ்த்து வைத்தது போல இருக்கும். சின்ன விளக்கு ஒன்று எரியும். அங்கிருந்து ஒரு கேபிள் போகும். அந்தக் கேபிள் வழியாகத்தான் இன்டர்நெட் வருகிறது.

முன்பெல்லாம் வீட்டில் வானொலிப் பெட்டி வைக்கவே லைசென்ஸ் வேண்டும். தபால் நிலையத்தில் பணம் கட்டுவார்கள். பெரியவர்களுக்கு நினைவிருக்கும். வைஃபைக்கு அப்படி இல்லை. 2005 ஜனவரியில் மத்திய அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 2.4 கிகாஹெர்ட்ஸ் என்னும் அலைவரிசையை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம் என்றது. 5 கிகாஹெர்ட்ஸ் என்று இன்னொரு வரிசை உண்டு. அதை வெளியிடங்களிலும் தாராளமாகப் பயன்படுத்த 2018-ல் வழி பிறந்தது.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு? 2.4 வரிசை சற்றுத் தொலைவு போகும். ஆனால் அதில் நெரிசல் அதிகம். 5 வரிசை வேகமானது. ஆனால் சுவரைக் கண்டால் சீக்கிரம் களைத்துவிடும்.

ஒரு பெட்டி ஏன் போதாது?

மூன்று மாடி விடுதி ஒன்றை மனதில் நினையுங்கள். மாடிக்கு 12 அறைகள். கீழே வரவேற்பு மேசையில் ஒரே ஒரு பெட்டி. அதன் அலை எத்தனை சுவரைத் தாண்டும்? இரும்பு பீரோ, தண்ணீர்த் தொட்டி, கான்கிரீட் தளம் எல்லாம் அலையைத் தடுக்கும்.

"பெட்டியின் சக்தியைக் கூட்டி வைத்தால் போதாதா?" என்று கேட்கலாம். போதாது. பெட்டி உரக்கக் கத்தும். அது செல்பேசிக்குக் கேட்கும். ஆனால் செல்பேசியின் குரல் மெல்லியது. அது சொல்லும் பதில் பெட்டிக்குக் கேட்காது. செல்பேசியில் கோடுகள் எல்லாம் நிறைந்து தெரியும். படம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஆகவே சிறிய பெட்டிகள் பல வேண்டும். மாடிக்கு இரண்டு மூன்று வைக்கலாம்.

பல பெட்டி வைத்தால் வேறு தொல்லை வரும். திருவிழாவில் இரண்டு பந்தல்களில் மைக் செட் போட்டால் என்ன ஆகும்? ஒரு பாட்டும் காதில் விழாது. பெட்டிகளும் அப்படித்தான். பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகள் ஒரே சேனலில் பேசினால் ஒன்றின் நேரத்தை மற்றொன்று தின்னும். 2.4 வரிசையில் ஒன்றோடு ஒன்று மோதாத சேனல்கள் மூன்றுதான். அவை 1, 6, 11. அடுத்தடுத்த பெட்டிகளுக்கு இவற்றை மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும்.

மேஸ்திரி வருகிறார்

கட்டட வேலையில் பத்துக் கொத்தனார்கள் இருந்தால் ஒரு மேஸ்திரி வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் கட்டும் சுவரை இன்னொருவர் இடிப்பார். வைஃபை பெட்டிகளுக்கும் ஒரு மேஸ்திரி உண்டு. அதற்கு கன்ட்ரோலர் என்று பெயர். அது தனிப் பெட்டியாக இருக்கலாம். கணினியில் ஓடும் நிரலாகவும் இருக்கலாம்.

கன்ட்ரோலர் என்ன வேலை செய்கிறது?

எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே பெயரையும் ஒரே கடவுச்சொல்லையும் கொடுக்கிறது. ஒவ்வொரு பெட்டியும் எந்தச் சேனலில், எவ்வளவு சக்தியோடு பேச வேண்டும் என்று சொல்கிறது. நீங்கள் பேசிக்கொண்டே மாடி ஏறினால் அடுத்த பெட்டிக்கு மாறிக்கொள்ள உதவுகிறது. ஒரு பெட்டி நின்றுபோனால் எது என்று காட்டுகிறது.

மேஸ்திரி ஒரு நாள் வராவிட்டால் வேலை நிற்குமா? பல வகைகளில் நிற்காது. பெட்டிகள் பழைய உத்தரவுப்படி ஓடிக்கொண்டிருக்கும். சில வகைகளில் எல்லாம் நின்றுவிடும். வாங்கும்போதே கடைக்காரரிடம் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எப்படி அமைப்பது?

1. முதலில் நடந்து பாருங்கள். காகிதத்தில் கட்டடத்தைக் கோடாக வரையுங்கள். எந்தச் சுவர் தடிப்பு, எங்கே கூட்டம் கூடும் என்று குறியுங்கள். பெட்டி வைக்கும் இடத்தைப் பிறகு முடிவு செய்யுங்கள்.

2. கேபிள் இழுங்கள். நடுவில் ஸ்விட்ச் என்று ஒரு பெட்டி இருக்கும். இது விளக்குப் போடும் சுவிட்ச் அல்ல. எல்லாக் கேபிள்களும் வந்து சேரும் சந்திப்பு. அங்கிருந்து ஒவ்வொரு ஆக்சஸ் பாயிண்ட்டுக்கும் தனிக் கேபிள் போக வேண்டும். ஒரு கேபிள் 100 மீட்டருக்கு மேல் நீளக் கூடாது.

3. மின்சாரம் கொடுங்கள். கூரையில் பிளக் பாயிண்ட் தேவையில்லை. அதற்கென்று உள்ள ஸ்விட்ச்சை வாங்கினால் அதே கேபிளில் மின்சாரமும் போகும். பெரும்பாலான பெட்டிகளுக்கு 15 முதல் 30 வாட் வரை போதும்.

4. எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் நீளமான எண் இருக்கும். கூரையில் மாட்டுவதற்கு முன்பே அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். எந்த எண் எந்த மாடியில் என்றும் எழுதுங்கள். மாட்டிய பிறகு எண்ணைப் பார்க்க மறுபடி ஏணி வேண்டியிருக்கும்.

5. கன்ட்ரோலரை இணையுங்கள். அது பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடிக்கும். "இது நம் பெட்டிதான்" என்று நாம் ஒப்புதல் தர வேண்டும். பிறகு பெயர் வையுங்கள். "இரண்டாம் மாடி, கிழக்கு" என்று வைத்தால் யாருக்கும் புரியும்.

6. இரண்டு வழி பிரியுங்கள். விடுதியின் கணக்குப் பார்க்கும் கணினிக்கு ஒரு வழி. விருந்தினருக்கு வேறு வழி. விருந்தினர் செல்பேசிகள் கணக்குக் கணினியைத் தொட முடியாதபடி கன்ட்ரோலரில் அடைக்கலாம்.

7. கடவுச்சொல்லை மாற்றுங்கள். புதுப் பூட்டோடு வரும் சாவி எல்லோரிடமும் இருந்தால் அது பூட்டா? தொழிற்சாலையில் போட்ட கடவுச்சொல்லும் அப்படித்தான். முதல் நாளே மாற்ற வேண்டும்.

8. மறுபடி நடந்து பாருங்கள். செல்பேசியோடு எல்லா அறைக்கும் போங்கள். கட்டிலில் உட்கார்ந்தும் பாருங்கள்.

தேனியில் நடந்த கதை

வைஃபை ஒரு கட்டடத்துக்குள் மட்டும்தான் வேலை செய்யுமா? இல்லை. தமிழ்நாட்டில் தேனிப் பக்கம் நடந்ததைக் கேளுங்கள்.

மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு ஒரு கண் மருத்துவமனை தொடங்கினார். அதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. பிறகு தேனியிலும் ஒரு கிளை வந்தது. ஆனாலும் கிராமத்து மக்கள் பலர் அங்கே வரவில்லை. ஒரு நாள் கூலி போகும். பேருந்துக் கட்டணம் வேண்டும். துணைக்கு ஆள் வேண்டும். "கண் கொஞ்சம் மங்கல்தானே, பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிடுவார்கள். மங்கல் முற்றிப் பார்வையே போய்விடும்.

மருத்துவமனை சுற்றுவட்டாரத்தில் சிறிய பார்வை மையங்களைத் திறந்தது. அங்கே மருத்துவர் இல்லை. பயிற்சி பெற்ற பணியாளர் இருந்தார். அவர் கண்ணைப் பரிசோதிப்பார். தேனியில் இருக்கும் மருத்துவர் கணினித் திரையில் நோயாளியோடு பேசுவார். மருந்து போதுமா, அறுவை சிகிச்சை வேண்டுமா என்று சொல்வார்.

இதற்கு வேகமான இணைப்பு வேண்டும். அந்தக் காலத்தில் கிராமங்களில் அது கிடைக்கவில்லை. அமெரிக்காவில் பெர்க்லி நகரில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் துணைக்கு வந்தார்கள். உயரமான கம்பங்களில் ஆன்டெனா கட்டினார்கள். ஒன்றை ஒன்று நேருக்கு நேர் பார்க்கும்படி திருப்பினார்கள். அதில் ஓடியது வைஃபைதான். சில இணைப்புகள் 10 கிலோமீட்டருக்கு மேல் நீண்டன.

சாதாரண வைஃபை ஒவ்வொரு துண்டுச் செய்திக்கும் "கிடைத்ததா?" என்று பதில் எதிர்பார்க்கும். தொலைவு அதிகமானால் பதில் வரத் தாமதமாகும். உடனே அது செய்தி தொலைந்தது என்று நினைத்து மறுபடி அனுப்பும். ஆய்வாளர்கள் இதை மாற்றினார்கள். ஒரு பக்கம் பேசும்போது மறுபக்கம் கேட்கும். பிறகு முறை மாறும். 2006-ல் இந்தச் செய்தி உலகம் முழுவதும் தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் பெரிய பாடம் கிடைத்தது. இணைப்பு அடிக்கடி நின்றது. வைஃபையில் குறை இல்லை. மின்சாரத்தில்தான் குறை. மின்னழுத்தம் திடீரென்று ஏறும், திடீரென்று இறங்கும். பெட்டிகள் கெட்டன. மின்சாரம் சட்டென்று போய்ப் போய் வந்ததால் உள்ளே எழுதியிருந்த உத்தரவுகள் அழிந்தன. ஒவ்வொரு முறையும் அயல்நாட்டிலிருந்து பொறியாளர் வர முடியுமா?

அதனால் இரண்டு வேலை செய்தார்கள். மின்சாரத்தைச் சீர்செய்யும் கருவிகளைச் சேர்த்தார்கள். உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். எந்த விளக்கு எரிகிறது, எந்தக் கேபிள் கழன்றிருக்கிறது என்று அவர்களே பார்க்கக் கற்றார்கள். அப்புறம்தான் இணைப்பு நிலையாக நின்றது.

நம் ஊருக்கும் இதே பாடம்

பெட்டி மாட்டுவது ஓரிரு நாள் வேலை. அதைக் காப்பது அன்றாட வேலை. நல்ல எர்த் போட வேண்டும். ஸ்விட்ச்சுக்கும் கன்ட்ரோலருக்கும் யு.பி.எஸ். வைக்க வேண்டும். இடி மின்னல் காலத்தில் மொட்டைமாடி ஆன்டெனாவுக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். என்று நின்றது, ஏன் நின்றது, என்ன செய்தோம் என்று அதில் எழுத வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் இதைச் செய்யலாம்.

இதில் பிழைப்பும் இருக்கிறது. 2020 டிசம்பர் 9-ல் மத்திய அமைச்சரவை பி.எம். வாணி என்னும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. இதன்படி டீக்கடையோ மளிகைக்கடையோ வைத்திருப்பவர் வைஃபை விற்கலாம். இதற்கு லைசென்ஸ் வேண்டாம். பதிவுக் கட்டணமும் இல்லை. அரசிடம் பதிவு செய்த நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து நடத்த வேண்டும். வாடிக்கையாளர் யார் என்று அந்த ஏற்பாட்டிலேயே சரிபார்த்துக்கொள்வார்கள்.

பயன்படுத்துகிறவர்களுக்கும் ஒரு சொல். பொது இடத்தில் வைஃபையின் சரியான பெயரைக் கேட்டுவிட்டுச் சேருங்கள். அதே போன்ற பெயரில் ஏமாற்றுக்காரர்களும் வலை விரிக்கலாம். வங்கிப் பணம் அனுப்ப உங்கள் சிம் கார்டின் இணைப்பையே பயன்படுத்துங்கள்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் ஊரில் எங்கெல்லாம் ஆக்சஸ் பாயிண்ட் இருக்கிறது?

2. பெட்டியின் சக்தியைக் கூட்டினால் மட்டும் ஏன் பயன் இல்லை?

3. தேனியில் இணைப்பு ஏன் அடிக்கடி நின்றது? எப்படிச் சரியானது?

4. உங்கள் ஊர்ப் பள்ளியிலோ மருத்துவமனையிலோ வைஃபை நின்றுபோனால் யாரிடம் சொல்வீர்கள்? அந்த வேலையைக் கற்க உங்கள் தெருவில் யார் முன்வருவார்கள்?