கரையை விட்டு அகலாத கேசினோ கப்பல்கள்

புது தில்லி: கோவா தலைநகர் பனாஜியில் மாண்டோவி ஆற்றங்கரைச் சாலையில் மாலை நேரத்தில் நடந்து செல்வோரின் கண்ணில் முதலில் படுவது ஆறு அல்ல, வண்ண விளக்குகளுடன் நங்கூரமிட்டு நிற்கும் கேசினோ கப்பல்கள்தான். கரைக்கு அப்பால் நடத்தலாம் என்று சட்டம் அனுமதித்த சூதாட்டம், நகரின் வாசலிலேயே இரவு பகலாக நடந்து வருகிறது. அதை எதிர்த்து அம்மாநில மக்கள் நடத்தும் போராட்டமும் ஓயவில்லை.

கோவா, டாமன் டையூ பொதுச் சூதாட்டச் சட்டம் 1976-இல் இயற்றப்பட்டபோது அதன் நோக்கம் சூதாட்டத்தைத் தடுப்பதே. 1992-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, ஐந்து நட்சத்திர ஹோட்டல்களில் இயந்திரச் சூதாட்டம் அனுமதிக்கப்பட்டது. 1996-இல் மேற்கொள்ளப்பட்ட மற்றொரு திருத்தம், கரைக்கு அப்பால் நிற்கும் கப்பல்களில் மேஜைச் சூதாட்டத்துக்கும் வழி திறந்தது. ஆனால் கப்பல்கள் கடலுக்குச் செல்லவில்லை. பனாஜி கரையிலிருந்து சில நூறு மீட்டர் தொலைவில் ஆற்றிலேயே நின்றுவிட்டன. வாடிக்கையாளர்கள் கரையிலுள்ள படகுத் துறைகளில் இருந்து சிறு படகுகளில் அழைத்துச் செல்லப்படுகின்றனர்.

கப்பல் ஆற்றில் நின்றாலும், அதன் சுமை கரையின் மீதே விழுகிறது என்பது எதிர்ப்பாளர்களின் முதன்மையான வாதம். படகுத் துறை, வரவேற்பு அலுவலகம், வாகன நிறுத்துமிடம் என அனைத்துக்கும் ஆற்றங்கரையே தேவைப்படுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 40 ஆயிரம் பேர் மட்டுமே வசிக்கும் சிறு நகரம் பனாஜி. பொதுமக்கள் காற்று வாங்கவும் மீனவர்கள் படகு செலுத்தவும் இருந்த இடம் சுருங்கிவிட்டதாக அவர்கள் குறை கூறுகின்றனர். சூதாட்டத்தில் பொருளிழந்த குடும்பங்களின் துயரை முன்வைத்து 'ஆம் ஔரத் ஆத்மி' என்று தொடங்கும் பெயருடைய அமைப்பு தொடர்ந்து குரல் கொடுத்து வந்துள்ளது.

2017 ஜூலையில் மழைக்காலக் கொந்தளிப்பின்போது மாண்டோவிக்குள் கொண்டுவரப்பட்ட கேசினோ கப்பல் ஒன்று, மிராமார் கடற்கரை அருகே தரைதட்டிப் பல வாரங்கள் அசையாமல் கிடந்தது. கரைக்கு நேரக்கூடிய ஆபத்து எத்தகையது என்பதை நகர மக்கள் அன்று நேரில் கண்டனர்.

எதிர்க்கட்சியாக இருக்கும்போது கேசினோக்களை எதிர்ப்பதும், ஆட்சிக்கு வந்ததும் அவகாசம் நீட்டிப்பதும் கோவா அரசியலில் வழக்கமாகிவிட்டது. எதிர்க்கட்சித் தலைவராக இருந்தபோது இப்போராட்டங்களில் முன்னின்ற மனோகர் பாரிக்கர், 2012-இல் முதல்வரானார். ஆயினும் கப்பல்கள் மாண்டோவியை விட்டு அகலவில்லை. மாற்றிடம் கிடைக்கும் வரை என்று கூறி அனுமதி அவ்வப்போது நீட்டிக்கப்பட்டது.

இதற்கான காரணம் வெளிப்படையானது. உரிமக் கட்டணமும் வரியும் மாநிலக் கருவூலத்துக்கு முக்கிய வருவாய். இத்தொழிலை நம்பிப் பல குடும்பங்களும் உள்ளன. கரோனா காரணமாக 2020 மார்ச்சில் மூடப்பட்ட கேசினோக்கள், அதே ஆண்டு நவம்பரில் மீண்டும் திறக்கப்பட்டன. அதற்கு முன்பே, 2020 பிப்ரவரி 1 முதல் கோவா மக்கள் கேசினோக்களுக்குள் சென்று விளையாட மாநில அரசு தடை விதித்திருந்தது. தன் குடிமக்களுக்குத் தீங்கானது என்று அரசே கருதும் ஒன்று, அவர்கள் ஆற்றில் மட்டும் எப்படி இருக்கலாம் என்ற கேள்வி அப்போது எழுந்தது.

ஜுவாரி, சப்போரா, சால் ஆறுகளும் அகுவாடா விரிகுடாவும் மாற்றிடங்களாகப் பல்வேறு காலங்களில் பேசப்பட்டன. ஒரு கரைக்கு வேண்டாதது மற்றொரு கரைக்கு மட்டும் எப்படி ஏற்புடையதாகும் என்பதே அங்கு வசிப்போரின் பதில். பின்னர், கேசினோக்களை நிலப்பகுதிக்கே கொண்டுசெல்லும் யோசனை முன்வந்தது. 2022 டிசம்பரில் திறக்கப்பட்ட மோபா விமான நிலையம் அமைந்துள்ள பெர்னெம் வட்டத்தில், தார்கல் என்ற ஊரில் கேசினோ நிறுவனம் ஒன்று பெரும் பொழுதுபோக்கு நகரியத்தைத் திட்டமிட்டது. அது திலாரி அணையின் பாசனப் பகுதி நிலம் என்று கூறி விவசாயிகளும் எதிர்க்கட்சியினரும் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஆற்றங்கரைச் சிக்கல் இவ்வாறு வயலுக்கும் பரவியது.

சூதாட்டம் அரசமைப்புச் சட்டத்தின்படி மாநிலப் பட்டியலில் உள்ளதால், கேசினோவை அனுமதிப்பதும் மறுப்பதும் மாநிலத்தின் உரிமை. மத்திய அரசின் பங்கு வேறு வழிகளில் வருகிறது. 2023 அக்டோபரில் 28 சதவீதமாக முழு மதிப்பின் மீது விதிக்கப்பட்ட சரக்கு, சேவை வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதமாக உயர்த்தப்பட்டது. கரையைக் காக்கும் விதிகளோ தளர்ந்துள்ளன. கடல் ஓதம் ஏறி இறங்கும் ஆறுகளின் கரையில் 100 மீட்டர் வரை இருந்த கட்டுப்பாட்டு எல்லையை, 2019-ஆம் ஆண்டு கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 50 மீட்டராகக் குறைத்தது.

வரி உயர்ந்தால் அரசுக்கு வருவாய் கூடலாம். ஆனால் இழந்த ஆற்றங்கரையை எந்த வரியாலும் மீட்க இயலாது. கேசினோ எங்கே போக வேண்டும் என்று அரசு கேட்டுக்கொண்டிருக்கிறது. கரையும் வயலும் யாருக்கு உரியவை என்பதே மக்கள் கேட்கும் கேள்வி. அதற்கு விடை கிடைக்கும்வரை, மாண்டோவியின் விளக்குகள் அணைந்தாலும் போராட்டம் வேறோர் ஊரில் தொடரும்.