பென்ஷன் கணக்கும் வீட்டு அம்மாளும்

உத்தியோகத்திலிருந்து விடைபெறும் நாளுக்கு வேண்டிய மாலை, சந்தனம், குரூப் போட்டோ முதலிய சகல ஏற்பாடுகளையும் பிறர் செய்துவிடுகிறார்கள். மறு மாதம் முதல் தேதிக்கு வேண்டிய ஏற்பாட்டை மட்டும் அவரவரே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. நம் அன்பர்களில் பலர் இந்த யோசனையைக் கடைசி வருஷத்துக்கென்று ஒத்திப் போட்டிருக்கிறார்கள். மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர்களில் ஒரு சாராருக்கோ கடைசி வருஷம் என்பது காலம் கடந்துபோன வருஷம்!

பழைய நாளில் இந்தக் கவலை கிடையாது. சம்பளத்தில் பிடித்தம் இல்லை. கடைசிச் சம்பளத்தில் பாதி ஆயுள் வரை வந்துகொண்டிருக்கும். பென்ஷன் என்பது எஜமானர் போடும் பிச்சையன்று, உழைத்தவனுடைய உரிமை என்று 1982-ம் வருஷம் டிசம்பர் 17-ந் தேதி நகரா வழக்கில் உச்ச நீதிமன்றமும் உறுதி கூறிற்று. ஆனால் 2004 ஜனவரி 1 முதல் உத்தியோகத்தில் சேர்ந்தவர்களுக்கு, ராணுவத்தினர் நீங்கலாக, தேசிய ஓய்வூதியத் திட்டம் வந்தது. பணம் சந்தையில் வளரும். வளர்ந்த அளவே பலன். பிறகு 2025 ஏப்ரல் 1 முதல் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் என்ற இரண்டாவது வழியையும் சர்க்கார் திறந்தது. அதற்கு மாறுவதற்கான கெடு இரண்டு முறை நீடித்து, அவ்வருஷம் நவம்பர் 30-ல் முடிந்தது. சுமார் 23 லட்சம் பேரில் 1 லட்சத்து 22 ஆயிரம் பேரே மாறினார்கள்.

அப்படி மாறியவர்களில் நமது நண்பர் ஒருவர். 2005 ஜூனில் சேர்ந்தவர்; 2029 ஜூன் முடிவில் அறுபது பிராயம் நிறைந்து ஓய்வு பெறுவார். சென்ற வாரம் கணக்குக் காகிதத்துடன் நம்மைத் தேடி வந்தார். முகத்தில் வெற்றிக் களை!

அவருடைய கணக்கு இது. கடைசிப் பன்னிரண்டு மாத அடிப்படைச் சம்பளத்தின் சராசரி ரூ.60,000 என்று வைத்துக்கொள்வோம். இருபத்தைந்து வருஷ சேவை இருந்தால் பாதி, அதாவது ரூ.30,000 வரும். அவருக்கு இருபத்துநான்கே வருஷம், ஆகையால் ரூ.28,800. விலைவாசி ஏறினால் பஞ்சப்படியும் ஏறும். அவருக்குப் பின் மனைவிக்கு நூற்றுக்கு அறுபது, அதாவது ரூ.17,280. இது தவிர, பூர்த்தியான ஒவ்வொரு அரை வருஷத்துக்கும் மாதச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு ரொக்கமாக உண்டு. பஞ்சப்படி சேர்ந்து சம்பளம் ரூ.95,000 ஆனால் நாற்பத்தெட்டு அரை வருஷங்களுக்கு ரூ.4,56,000.

கணக்கில் பிழையில்லை. "பேஷ்!" என்றோம்.

பிறகு ஒருநாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். அவருடைய மனைவியார் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றார். "ஒன்று கேட்கலாமா? இவருக்குப் பிறகு எனக்கு வரும் என்கிறார். எனக்குப் பிறகு?" என்றார்.

"சாயங்கால வேளையில் என்ன பேச்சு இது?" என்று நண்பர் கடிந்துகொண்டார்.

அம்மாள் அசையவில்லை. அவர் பார்வை கூடத்து மூலையில் உட்கார்ந்திருந்த மகன்மேல் இருந்தது. பிராயம் இருபத்துமூன்று, பிறவியிலேயே புத்தி வளர்ச்சி குன்றியவன். சம்பாதிக்கும் நாள் அவனுக்கு வரப்போவதில்லை.

நண்பரின் கணக்கில் இந்த வரிதான் இல்லை. ஒருங்கிணைந்த திட்டத்தில் ஓய்வுக்குப் பிந்திய குடும்பத் தொகை, ஓய்வு பெறும் தேதியில் சட்டப்படி மனைவியாகவோ கணவனாகவோ இருப்பவருக்கு மாத்திரமே. அவரும் மறைந்தால் அத்துடன் நின்றுவிடும். இருபத்துநான்கு வருஷம் சேர்ந்த பணமோ ஓய்வின்போதே பொதுத் தொகுப்பில் சேர்ந்துவிடுகிறது.

அன்றிரவு நாங்கள் மூவரும் உட்கார்ந்து மறுபடி கணக்குப் போட்டோம். சேர்ந்த பணம் 60 லட்சம் ஆகுமென்று வைத்துக்கொண்டோம். தேசியத் திட்டத்துக்குத் திரும்பினால் 36 லட்சத்தைக் கையில் வாங்கலாம். மீதி 24 லட்சத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனியில் போட்டு மாதாந்தர வருமானம் பெற வேண்டும். அதன் விகிதம் அவ்வப்போது மாறும். நூற்றுக்கு ஆறு என்றால் மாதம் ரூ.12,000. கணவன், மனைவி இருவர் ஆயுளுக்கும் குறையாமல் வந்து, பிறகு முதல் வாரிசுக்குத் திரும்பும்படியான வகையும் உண்டு. ஆனால் அரிசி விலை இரட்டித்தாலும் ரூ.12,000 அப்படியே இருக்கும்.

ஒருங்கிணைந்த திட்டத்திலேயே இருந்துகொண்டும் நூற்றுக்கு அறுபது வரை பணம் எடுக்கலாம். எடுத்தால் பென்ஷன் ஏறக்குறைய ரூ.11,520 ஆகிவிடும். மனைவியின் பங்கும் அந்தக் குறைந்த தொகையில்தான். பஞ்சப்படி உண்டு, எடுத்த பணம் போக மகனுக்கு மிச்சம் ஒன்றுமில்லை.

கணவனும் மனைவியும் மட்டும் உள்ள வீடானால் நாம் தயங்காமல் ஒருங்கிணைந்த திட்டத்தையே சொல்லுவோம். விலைவாசியை நினைத்தால் பஞ்சப்படிக்கு ஈடு வேறில்லை. இந்த வீட்டுக்கு நம் மனம் மற்றதன் பக்கமே சாய்கிறது.

நண்பருக்கு முகம் வாடிவிட்டது. நல்ல வேளையாக, மாறியவர்கள் ஒரே ஒரு முறை தேசியத் திட்டத்துக்குத் திரும்பலாம். ஓய்வு நாளுக்கு ஒரு வருஷத்துக்குக் குறையாமல் முன்னதாக, அல்லது விருப்ப ஓய்வானால் மூன்று மாதத்துக்கு முன்னதாக, எழுதிக் கொடுக்க வேண்டும். அதன்பின் மறுபடி மாற்றம் கிடையாது. இரு திட்டங்களிலும் சர்க்கார் போடும் பங்கில் நூற்றுக்கு நான்கு வித்தியாசம் உண்டல்லவா? அந்த வித்தியாசத்தையும் திரும்புகிறவர்கள் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள்.

போவதற்குமுன் கணக்குச் சீட்டைப் புரட்டிப் பார்க்கச் சொன்னோம். எந்த மாதமாவது பிடித்தம் வரவாகாமல் விட்டுப்போயிருந்தால், இந்தத் திட்டத்தில் சர்க்கார் எதிர்பார்க்கும் அளவுக்குப் பணம் குறையும். அந்தக் குறைவை ஈடுகட்டாவிட்டால் பென்ஷனும் குறையும். பார்த்ததில், நண்பர் ஊர் மாற்றலான சமயத்தில் இரண்டு மாதம் காலியாக இருந்தது!

"மறுநாளே ஆபீசில் கேட்கிறேன்" என்றார் நண்பர்.

அம்மாள் பால்கணக்கு நோட்டை எடுத்துவந்தார். 2028 ஜூன்தான் கெடு என்று நாம் சொல்லியிருந்தோம். அவர் எழுதியது, "2028 மார்ச்."

"மூன்று மாதம் முந்தி எழுதுகிறீர்களே, அம்மா?" என்றோம்.

"நானும் இத்தனை வருஷமாகச் சர்க்கார் உத்தியோகத்தைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்!" என்றார் அவர்.