குழந்தையின் மூச்சுக்குழலும் காந்தப் படமும்

கைக்குழந்தை மூச்சுவிடும்போது கரகரவென ஒலி எழுந்தால், அதனைச் சளி என்றே நம் தாய்மார்கள் எண்ணுவது வழக்கம். மருந்துக்கு அடங்காமல், அழும்போதும் பால் அருந்தும்போதும் அவ்வொலி மிகுமாயின் காரணம் வேறாக இருக்கலாம். மூச்சுக்குழலைத் தாங்கி நிற்பவை குருத்தெலும்பு வளையங்கள். சில குழந்தைகளுக்கு அவை பிறவியிலேயே வலுவற்றிருப்பதால், மூச்சை வெளிவிடும்போது குழல் தளர்ந்து ஒடுங்குகிறது.

இதனை அறிய, மயக்க மருந்து கொடுத்து உள்நோக்குக் குழாய் செலுத்திப் பார்ப்பதே நெடுநாளைய முறை. சி.டி. படமும் உதவும், ஆனால் அதற்கு எக்ஸ் கதிர் வேண்டும். வளரும் உடலில் கதிர் எவ்வளவு குறைவாகப் படுகிறதோ அவ்வளவு நன்று. எம்.ஆர்.ஐ. படத்திற்கோ காந்தப் புலமும் வானொலி அலையுமே போதும். மயக்க மருந்தின்றி உறங்கும் சிசுவின் மூச்சுக்குழல், மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் எவ்வாறு மாறுகிறது என்பதை இவ்வகையில் படமாக்கும் முறையை அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனை ஆராய்ந்துள்ளது. எனினும் இது இன்னும் எங்கும் பரவிய முறையன்று.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்துப் பெற்றோர் இத்தகைய ஒலியைக் கேட்டால், முதலில் அருகிலுள்ள அரசு மருத்துவரிடம் காட்டுக. மேற்பரிசோதனை தேவைப்படின் எழும்பூரில் அரசு குழந்தைகள் மருத்துவமனை உள்ளது. படம் எடுக்கச் சொன்னால், கதிரில்லாத வழி உண்டா எனக் கேட்பதில் தவறில்லை. உதடு நீலம் பாய்ந்தாலோ, மூச்சு விட்டுவிட்டு வந்தாலோ தாமதியாது 108 ஊர்தியை அழைக்க வேண்டும். அஞ்ச வேண்டா, வளர வளரக் குருத்தெலும்பு உறுதிப்பட்டுப் பல குழந்தைகள் நலம் பெறுகின்றனர்.