முதுமைக்கு ஒரு காப்பு – 9: ஜனவரி 1-இல் பிறந்தவர்கள்

அரசுத் திட்டத்துக்குத் தகுதி வேண்டும், பணம் வேண்டியதில்லை. தனியார் பாலிசிக்குப் பணம் வேண்டும், அதுவும் ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போகும் பணம் வேண்டும் என்பதுவரை சென்ற இதழ்களில் கண்டாயிற்று. இந்த வாரம் அறை வாடகை வரம்பும், நோயாளி தம் பங்காகச் செலுத்த வேண்டிய ‘கோ-பே’ தொகையும் ஒப்பிடப்படும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. அந்த ஒப்பீட்டுக்கு முன் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உள்ளது: முதியவர் ஒருவருக்கு என்ன வயது என்பதை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? இருவகைக் காப்பீடும் இந்த ஒரு விவரத்தின் மேல்தான் நிற்கின்றன. ஆனால் ஒன்றில் வயது ஏறினால் கதவு திறக்கிறது, மற்றதில் விலை ஏறுகிறது.

ஒன்றிய அரசின் ‘ஆயுஷ்மான் பாரத் – பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டம்’ 2018 செப்டம்பரில் தொடங்கியபோது ஏழைக் குடும்பங்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 2024 செப்டம்பர் 11 அன்று ஒன்றிய அமைச்சரவை எடுத்த முடிவால், 70 வயது நிறைந்த எவரும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், அதன்கீழ் வரலாம் என்றானது. அக்டோபர் 29 அன்று அவர்களுக்கென ‘வய வந்தனா’ என்னும் தனி அட்டை தொடங்கிவைக்கப்பட்டது. ஒரு குடும்பத்தில் 70 வயதைக் கடந்தவர்கள் அனைவருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில் உள்நோயாளியாகச் சிகிச்சை பெறலாம். ஏற்கெனவே திட்டத்தில் இருக்கும் குடும்பத்தின் முதியவர்களுக்கு இது குடும்பத் தொகைக்கு மேல் தனியாகக் கிடைக்கும் இன்னொரு 5 லட்சம். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், எப்போதோ வந்த மாரடைப்பு என முன்பே எந்த நோய் இருந்தாலும் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. தனியார் பாலிசி வைத்திருப்பவர்களும் இந்த அட்டையைப் பெறத் தடையில்லை. கேட்கப்படும் தகுதி வயது ஒன்றே; அந்த வயதுக்கு ஏற்கப்படும் சான்று ஆதார் ஒன்றே.

தனியார் பாலிசி என்று இத்தொடர் குறிப்பிடுவது, பிரீமியம் செலுத்தி வாங்கும் பாலிசிகள் எல்லாவற்றையும்தான். 1973-இல் பொதுக் காப்பீடு நாட்டுடைமையானபோது 107 நிறுவனங்களை இணைத்து உருவாக்கப்பட்ட நான்கு பொதுத்துறை நிறுவனங்கள் விற்கும் பாலிசிகளும் அதில் அடங்கும். நிறுவனம் அரசுடையது என்பதால் அது விற்கும் பாலிசி அரசுத் திட்டமாகிவிடாது. இவ்வகைப் பாலிசிகளில் பிரீமியம் வயதுப் படிநிலைப்படி ஏறுகிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்திய விதிகள், எந்த வயதினரும் பாலிசி வாங்குவதற்கு வழி செய்ததோடு, முன்பே இருக்கும் நோய்க்கு நிறுவனம் பணம் தராமல் இருக்கக்கூடிய காத்திருப்புக் காலத்தை 48 மாதத்திலிருந்து 36 மாதமாகக் குறைத்தன. அப்படிக் குறைத்த பிறகும், நெடுநாள் சர்க்கரை நோயுள்ள ஒருவர் 71 வயதில் புதிதாகப் பாலிசி வாங்கினால், அந்நோய் தொடர்பான சிகிச்சைக்கு 74 வயது வரை கைப்பணத்தையே நம்பியிருக்க நேரலாம். 2025 ஜனவரி இறுதியில் வந்த மற்றோர் ஆணை, 60 வயது நிறைந்தவர்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்த வேண்டுமானால் முன்கூட்டியே ஆணையத்தைக் கலந்தாக வேண்டும் என்கிறது. ஆக, விலை கூடும் இடமும், இலவசச் சிகிச்சை கிடைக்கும் இடமும் பிறந்த நாள்களால் குறிக்கப்பட்டுள்ளன.

அந்தப் பிறந்த நாள் எத்தனை உறுதியானது என்பதைக் காட்டும் வழக்கு ஒன்றை இங்கே விரிவாகச் சொல்லியாக வேண்டும். அரியானா மாநிலத்தில் 2015-இல் நடந்த சாலை விபத்தில் இறந்த ஒருவருடைய குடும்பத்துக்கு இழப்பீடு கணக்கிடும்போது, ஆதார் அட்டையில் அவருடைய பிறந்த நாள் 1969 ஜனவரி 1 என்றும், பள்ளி விடுகைச் சான்றிதழில் 1970 அக்டோபர் 7 என்றும் இருந்தன. விபத்து இழப்பீட்டில் ஆண்டு வருமான இழப்பை, இறந்தவரின் வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள். 41 முதல் 45 வயது வரை அந்த எண் 14, 46 முதல் 50 வரை 13. ஆதாரை நம்பினால் 13, பள்ளிச் சான்றை நம்பினால் 14 என்ற நிலையில் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆதார் ஒருவர் யார் என்பதைக் காட்டும் ஆவணமே, பிறந்த நாளுக்கு அது தன்னளவில் சான்றாகாது என்று ஆதார் ஆணையமே 2023 டிசம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கையைச் சுட்டிக்காட்டிய நீதிமன்றம், பள்ளிச் சான்றிதழையே ஏற்றது. தீர்ப்பு நாள் 2024 அக்டோபர் 24. ஆதாரை மட்டுமே வயதுச் சான்றாகக் கொள்ளும் வய வந்தனா அட்டை தொடங்கியது அதே மாதம் 29-ஆம் நாள். இடைவெளி ஐந்தே நாள். அதே ஆண்டு ஜனவரியிலேயே தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி நிறுவனம் பிறந்த நாளுக்கான சான்றுகளின் பட்டியலிலிருந்து ஆதாரை நீக்கிவிட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், முதியோர் மருத்துவத்துக்கு மட்டும் அந்தச் சான்றே போதும், வேறெதுவும் வேண்டாம் என்று வைத்திருப்பதன் வலுவின்மை விளங்கும்.

வழக்கில் வந்த ஜனவரி 1 என்ற தேதி தற்செயலானதன்று. ஆதார் பதிவின்போது பிறந்த நாள் தெரியாது என்று சொன்னவர்களிடம் வயதை மட்டும் கேட்டு, அதிலிருந்து ஆண்டைக் கணக்கிட்டுப் பதிந்தார்கள். இன்று முதியோர் பலருடைய அட்டையில் ஆண்டு மட்டுமோ, ஜனவரி 1 என்ற தேதியோ இருப்பதற்கு அதுவே காரணம். இதற்காக அந்த முதியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பிறப்பையும் இறப்பையும் நாடு முழுவதும் கட்டாயமாகப் பதியச் சொல்லும் சட்டம் 1969-இல் இயற்றப்பட்டு, 1970-இல்தான் நடைமுறைக்கு வரத் தொடங்கியது. சென்னை மாகாணத்துக்கு 1899-இலேயே ஒரு பதிவுச் சட்டம் இருந்தபோதிலும், சிற்றூர்களில் வீட்டுப் பிரசவங்கள் எல்லாம் பதிவேட்டில் ஏறிவிடவில்லை. இப்போது 70 வயதைத் தொட்டவர்கள் அனைவரும் 1969-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன் பிறந்தவர்கள். அச்சட்டம் உருவாக்கிய சான்றிதழ் அவர்களில் ஒருவருக்கும் பிறக்கும்போது கிடைத்திருக்க வழியில்லை.

அவர்களிடம் இருந்தது வேறு கணக்கு. ஜாதகம் எழுதிய வீடுகளில் ‘ஜய வருடம் ஆவணி மாதம்’ என்று இருக்கும். 1954 ஏப்ரல் முதல் 1955 ஏப்ரல் வரை நீண்ட அந்த ஜய ஆண்டில் பிறந்தவர்களே, வய வந்தனா தொடங்கிய வேளையில் எழுபதின் வாசலில் நின்றவர்கள். ஜாதகம் இல்லாத வீடுகளில், காமராசர் முதலமைச்சரான ஆண்டு, பெரும்புயல் அடித்த ஆண்டு என்று நிகழ்ச்சிகளால் வயது சொன்னார்கள். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் நாளில் தலைமையாசிரியர், வலக்கையைத் தலைக்கு மேலே வளைத்து இடக்காதைத் தொடச் சொல்வார். விரல் காதை எட்டினால் ஐந்து வயது நிறைந்ததென்று கொண்டு, ஜூன் மாதச் சேர்க்கைக்குப் பொருந்துமாறு மே மாதத்திலோ ஜூன் தொடக்கத்திலோ ஒரு பிறந்த நாளைப் பதிவேட்டில் எழுதுவார். ஒரு தலைமுறையில் இத்தனை பேர் மே, ஜூன் மாதங்களில் ‘பிறந்ததற்கு’ இதுவே பெருங்காரணம். எனினும், அந்தத் தேதியாவது பள்ளிக்குப் போனவர்களுக்குக் கிடைத்தது. 1961-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் எழுத்தறிவு பெற்றோர் சுமார் 15 விழுக்காட்டினரே. பள்ளி வாசலை மிதிக்காத பெண்ணுக்கு, நீதிமன்றம் ஏற்கும் பள்ளிச் சான்றும் இல்லை. ஆதார்ப் பதிவாளர் முகத்தைப் பார்த்து எழுதிய வயதே அவருக்கு எஞ்சியது. கணவரை இழந்து, தனக்கென வருமானமின்றி வாழும் முதிய பெண்களே அரசுக் காப்பீட்டை மிகுதியாக நம்பியிருப்பவர்கள் என்பதால், இந்தப் பிழையின் சுமை அவர்கள் மேல்தான் கூடுதலாக விழுகிறது.

படித்தவர்களும் பதவியில் உயர்ந்தவர்களும்கூட இதிலிருந்து தப்பவில்லை. இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாக இருந்த வி.கே. சிங், தாம் பிறந்தது 1951 மே 10 என்று பள்ளிச் சான்றைக் காட்டியும், பாதுகாப்பு அகாதெமியில் சேர எழுதிய விண்ணப்பத்தில் 1950 என்று இருந்ததால், அரசு 1950-ஐயே கொண்டது. அவர் உச்ச நீதிமன்றத்தை நாடி, 2012 பிப்ரவரியில் மனுவைத் திரும்பப் பெற்றார். படைத் தலைவருக்கே ஓர் ஆண்டை மாற்ற இயலாத நிலையில், அட்டையில் 68 என்றிருக்கும் எழுபது வயதுக் கூலித் தொழிலாளி என்ன செய்ய முடியும்? அவருக்கு அந்த இரண்டு ஆண்டு, மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போடும் இரண்டு ஆண்டு.

பிழை மறுபக்கமும் வெட்டும். உண்மை வயதைவிட அட்டையில் வயது கூடுதலாக இருப்பவர், அரசு அட்டையை முன்கூட்டியே பெறுவார். ஆனால் தனியார் பாலிசியில் உரிய காலத்துக்கு முன்பே அடுத்த படிநிலைப் பிரீமியத்தைக் கட்டத் தொடங்கிவிடுவார். பாலிசியில் ஒரு தேதியும் மருத்துவமனையில் கொடுக்கும் ஆதாரில் வேறு தேதியும் இருந்தால், க்ளெய்ம் நேரத்தில் விளக்கம் கேட்கப்படும். நோயாளி படுக்கையில் இருக்கும்போது குடும்பத்தார் பழைய காகிதங்களைத் தேடி அலைய நேரும்.

வயதுச் சான்றின் தொல்லை இல்லாத திட்டம் ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. 2012 முதல் நடந்துவரும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வயது வரம்பே கிடையாது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பம், கிராம நிர்வாக அலுவலரிடம் பெற்ற வருமானச் சான்றையும் குடும்ப அட்டையையும் கொண்டு சேரலாம். அந்த வருமான வரம்பைச் சற்றே தாண்டிய, 60-க்கும் 70-க்கும் இடைப்பட்ட முதியவர்தான் இரண்டு அரசுத் திட்டங்களுக்கும் வெளியே நிற்கிறார். இந்தப் பத்தாண்டுக்குத் தனியார் பாலிசியைத் தவிர அவருக்குப் பெரும்பாலும் வேறு வழியில்லை. அந்தப் பத்தாண்டு எப்போது முடிகிறது என்பதைத் தீர்மானிப்பதும் அதே அட்டையிலுள்ள தேதிதான்.

அரசு மனம் வைத்தால் இதற்குத் தீர்வு அதன் கையிலேயே இருக்கிறது. வாக்களிக்கும் வயது 21-லிருந்து 18-ஆகக் குறைந்தது 1989-இல்தான். எனவே 1977 மார்ச்சில் நடந்த மக்களவைத் தேர்தலின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒருவர், அப்போதே 21 வயது நிறைந்தவர் என்று அரசே ஏற்றுக்கொண்டிருக்கிறது. அவர் 1956 மார்ச்சுக்கு முன் பிறந்தவர் என்பதும், 2026 மார்ச்சுக்குள் 70 வயதை நிறைவு செய்துவிடுவார் என்பதும் எளிய கழித்தல். பழைய வாக்காளர் பட்டியலையும், பழைய குடும்ப அட்டையையும், மூத்த பிள்ளையின் பள்ளிச் சான்றையும் துணைச் சான்றுகளாக ஏற்கும் ஒரு விதி போதும். அதைச் செய்யாமல் இருப்பதற்கு நியாயமான காரணம் எதுவும் தெரியவில்லை.

அப்படி ஒரு விதி வரும்வரை, வாசகர்கள் தங்கள் வீட்டு முதியவர்களின் ஆதார் அட்டையை இந்த வாரமே எடுத்துப் பார்க்க வேண்டும். தேதி தவறாக இருந்து, பள்ளி இறுதி வகுப்புச் சான்று, கடவுச்சீட்டு, அரசு ஓய்வூதிய ஆணை போன்றவற்றில் ஒன்று கையில் இருந்தால், திருத்திக்கொள்ளலாம். ஆனால் பிறந்த நாளைத் திருத்த ஒரே ஒரு முறைதான் வாய்ப்பு உண்டு என்பதால், எல்லா ஆவணங்களையும் ஒத்துப் பார்த்த பிறகே ஆதார் மையத்துக்குப் போக வேண்டும். தனியார் பாலிசி வைத்திருப்பவர்கள் திருத்திய தேதியை நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். வய வந்தனா பற்றிய விவரங்களுக்கு 14555 என்ற இலவச எண்ணை அழைக்கலாம்.

அறை வாடகையும் கோ-பேயும் அடுத்த வாரம்.